நகத்தளவு நோட்டு

மற்ற வீடுகளில் ஆண்கள் பெரிதாக எதற்காவது ஆசைப்பட்டுக் குடும்பத்தைக் கெடுப்பார்கள். எனக்கு வாய்த்தவர் சிறிசுக்கு ஆசைப்பட்டார். ஏதோ ஒரு தூர தேசத்தில் யுத்தம் வந்து, காசு அடிக்கிற உலோகமெல்லாம் குண்டு செய்யப் போய்விட, காசுக்குப் பதிலாகக் காகிதத்தில் அச்சடித்து விட்டார்களாம். தபால்தலை அளவில் ஒன்று, பஸ் டிக்கெட்டில் பாதியாக ஒன்று, சட்டைப் பொத்தானைச் சதுரமாக வெட்டியதுபோல ஒன்று. அந்தக் குட்டி நோட்டுகளைத்தான் இவர் தேடித்தேடிச் சேர்த்தார். கல்யாணமான புதிதில், "பொம்மைக்குக் கடை வச்சு விளையாடலாம் போலிருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பிழைப்பு என்னவோ பல்செட் செய்வது. டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பார். அதன்மேல் மெழுகில் ஈறு கட்டிப் பல்லைப் பதிப்பார். வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒரே மேசையில் பாதிக்கு ஊரார் தாடைகள், மீதிப் பாதிக்கு ஆல்பம். ஆல்பம் திறந்தால் வீட்டில் சட்டம் மாறிவிடும். ஃபேனை நிறுத்த வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். மேசைப் பக்கம் திரும்பிப் பேசவே கூடாது, மூச்சுக்காற்றில் ஒன்றிரண்டு எழுந்து உட்கார்ந்துவிடும். பக்கத்து ரூமில் தையல் மிஷினை ஓட்டினால் தரை அதிர்கிறது என்று அதற்கும் தடை. என் பிழைப்பு நின்றாலும் பரவாயில்லை, நோட்டு நகரக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நோட்டைப் பற்றிய கவலை இல்லை. என் கவலையெல்லாம் தம்பியைப் பற்றி.

எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவன். ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தான். ஒருநாள் ஒரு பெட்டியைக் காணவில்லை. கடைசியாகத் தூக்கியவன் இவன் என்று பிடித்துக்கொண்டார்கள். ஷட்டரை இறக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்லி அடித்ததில் மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டது. மறுநாள் பெட்டி வேறு ஊர் லாரியில் ஏறிப்போனது தெரிந்தது. "சரி, வேலையைப் பார்" என்றார்களே தவிர, ஒரு மன்னிப்புக்கூட யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கிடங்கை விட்டு வந்தவன் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. போன் எடுத்தால் "ம்" என்பான், வைத்துவிடுவான். ரொம்ப நாள் கெஞ்சி, "உன் மாமா பல்லு கட்டித் தர்றேங்கிறார்டா" என்று ஆசைகாட்டி, போன வாரம்தான் வீட்டுக்கு வரவழைத்தேன். சிரித்தால் கைக்குட்டையை வாய்க்கு எடுத்துக்கொண்டு போவான்.

திங்கட்கிழமை ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கென்று நான் ஒரு வெள்ளைச் சட்டை தைத்திருந்தேன். அளவு பார்க்கப் போட்டவன் கழற்ற மனசில்லாமல் அதிலேயே திரிந்துகொண்டிருந்தான். பல் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன், காலையிலிருந்து தம்பி வாய்க்கு வார்த்த தாடையை வைத்துக்கொண்டுதான் குனிந்திருந்தார். மெழுகு உருக்கி, சொட்டு விட்டு, பல்லை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து. தம்பியும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். இனி இவன் வருவான், போவான், பழையபடி என்னோடு சண்டை போடுவான் என்று நினைத்து எனக்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது.

அப்போதுதான் பூதக்கண்ணாடி வந்தார்.

சேகரிப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் அவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கவிட்டிருப்பார். அதனால் நான் வைத்த பேர். சாயங்காலம் வருகிறேன் என்றவர் மத்தியானச் சாப்பாட்டு ஏப்பம் அடங்குமுன் வந்து நின்றார். இவருக்குக் கை கால் ஓடவில்லை. மெழுகு விளக்கை அணைத்தார், தம்பியின் தாடையை அப்படியே மேசையில் வைத்தார், கையைத் துடைத்தார், ஆல்பத்தை எடுத்தார். நானும் தம்பியும் சமையலறைக்குப் போனோம். ஃபேன் நின்றது. ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

செயலாளர் ஒரு கைக்கடிகாரப் பெட்டி கொண்டுவந்திருந்தார். வந்ததுமே எனக்கும் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு, பஞ்சின்மேல் ஒரு நோட்டு. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் ஒரு அரண்மனை, ஒரு கொடி, ஒரு கையெழுத்து எல்லாம் இருந்தது என்றார்கள். எனக்கு ஏதோ காப்பிக்கறை மாதிரித் தெரிந்தது. இவரிடம் இருப்பதுதான் சங்கத்திலேயே சிறியது என்று இதுவரை பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். நரைத்த தலைகள் இரண்டு முட்டிக்கொண்டு நின்றன. செயலாளருடையது ஒரு மயிரிழை சின்னது. இவர் முகம் சின்னப் பிள்ளையிடம் மிட்டாயைப் பிடுங்கியதுபோல ஆனது.

"பரவால்ல சார், மயிரிழைதானே" என்றார் செயலாளர், பரவாயில்லை என்கிற தொனியே இல்லாமல்.

டீயை நான்தான் எடுத்துப்போயிருக்க வேண்டும். "நான் கொண்டுபோறேன்க்கா" என்று தட்டை வாங்கிக்கொண்டான் தம்பி. மாமா தனக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. அறைக்குள் போனான். இருவரும் தெப்பமாக வியர்த்திருப்பதைப் பார்த்தான். "ஏன் மாமா இப்படி வேகுறீங்க" என்று சொல்லிக்கொண்டே முழங்கையால் ஸ்விட்சைத் தட்டிவிட்டான்.

ஃபேன் சுற்றியது.

"டேய்!" என்று ஒரு சத்தம். இவர் என் தம்பியை டேய் போட்டு நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசைமேல் காகிதமெல்லாம் எழுந்து ஆடின. செயலாளர் ஆல்பத்தின்மேல் மார்போடு படுத்துக்கொண்டார். இவர் கைக்கு அகப்பட்ட தம்பியின் தாடையைத் தூக்கி மேசையில் கிடந்தவற்றின்மேல் பொத்தென்று வைத்தார். நான் ஸ்விட்சை அணைத்தேன். நிறுத்தியதும் நின்றுவிட ஃபேன் என்ன என் மிஷினா? அது தன் இஷ்டத்துக்குச் சுற்றி ஓய்ந்தது. தம்பி டீத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு, குப்புற விழுந்து, பறந்ததையெல்லாம் பொறுக்கினான்.

"கையால தொடாதே! கையால தொடாதே!" என்று செயலாளர் கத்தினார்.

எல்லாவற்றையும் ட்வீசரால் எடுத்து வரிசையாக வைத்தார்கள். தாடையைத் தூக்கி அதற்குக் கீழே கிடந்ததையும் எடுத்தார்கள். இவருடையவை எல்லாம் இருந்தன. கைக்கடிகாரப் பெட்டியில் பஞ்சு மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் தேடினார்கள் பாருங்கள், அப்படி ஒரு தேடல். ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக. நாற்காலிக் கால், ஜன்னல் இடுக்கு, டீ டம்ளருக்குள். நான் மண்டிபோட்டு டார்ச் அடித்துத் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, யாரும் வெளியே போகக் கூடாது, செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும். அறை அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. தம்பி சுவரோரம் நின்றான். என்னால்தான் இது, என்னால்தான் இது என்று அவன் முகம் சொல்லிக்கொண்டே இருந்தது.

செயலாளர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான் யாரையும் சொல்லல சார். ஆனா கீழ விழுந்ததைக் கையால பொறுக்கினது யாருன்னு எல்லாரும் பாத்தோம்ல."

டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி" என்று என் பக்கம் திரும்பினார். "சார்தான் அன்னிக்குச் சொன்னாரு, மச்சானுக்கு முன்ன ஏதோ பார்சல் விஷயத்துல…"

இவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நோட்டைத் தேடுகிறவர் போல. என் தம்பி பட்ட அடியைச் சங்கத்தில் டீயோடு கடித்துக்கொள்ளக் கொண்டுபோயிருக்கிறார். அதையும் அரைகுறையாக. பெட்டி கிடைத்த கதையைச் சொல்ல நேரமில்லை போலும்.

"அந்தப் பெட்டி லாரி மாறிப் போச்சுங்க. மறுநாளே கிடைச்சிடுச்சு. அதைச் சொல்லலையா இவரு?"

"இருக்கட்டும் தங்கச்சி. நான் அதைப் பேச வரல."

இவர் மெல்லத் தம்பிக்கு முன்னால் போய் நின்றார். "மாப்ள… மனசுல வச்சுக்காதீங்க. சாரோட பொருள். நம்ம வீட்ல வச்சுக் காணாமப் போச்சுன்னா நாளைக்கு நான் சங்கத்துல எந்த மூஞ்சியோட… ஒரு திருப்திக்கு. பாக்கெட்டை மட்டும்."

"ஏங்க, நீங்க பேசுறது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"விடுக்கா" என்றான் தம்பி. "எனக்குப் பழக்கம்தானே."

பாக்கெட்டைத் துழாவி வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பு, அந்தக் கைக்குட்டை. யாரும் கேட்காமலே சட்டையைக் கழற்றி நீட்டினான். செயலாளர் வாங்கிக்கொண்டார். நான் தைத்த மடிப்பை நகத்தால் நெருடி நெருடிப் பார்த்தார், லென்ஸை வைத்துக் காலருக்கு அடியில் பார்த்தார். என் தம்பி வெற்று உடம்போடு, விலா எலும்பு தெரிய, அந்த மூடிய அறையில் நின்றான். எனக்கு அந்தக் கிடங்கின் ஷட்டர் ஞாபகம் வந்தது. நான் பார்த்திராத ஷட்டர்.

சட்டையில் ஒன்றும் இல்லை. செயலாளர் அதை நாற்காலியில் போட்டார். "இவ்ளோ சின்னதை வாயில கூட வச்சுக்கலாம் சார்" என்றார், ஏதோ பொது அறிவு சொல்வதுபோல. "நாக்குக்கு அடியில. ஒரு கண்காட்சியில ஒருத்தன் அப்படித்தான் மாட்டினான்."

இப்போதாவது இந்த மனுஷன் செயலாளரைப் பார்த்து வெளியே போடா என்று சொல்வார் என்று காத்திருந்தேன். இவர் மேசைக்குப் போனார். டார்ச்சை எடுத்தார். வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தார்.

போன வாரம் இதே கண்ணாடியை வைத்துத்தான் தம்பி வாயைப் பார்த்தார். எவ்வளவு பக்குவமாக! "வலிச்சா சொல்ல முடியாது மாப்ள, கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார். அடிபட்ட ஈறு அது, வலிக்காமல் இருந்திருக்காது. அவன் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

தம்பி வாயைத் திறந்தான். இவர் டார்ச் அடித்துக் குனிந்தார். இடது கன்னம், வலது கன்னம். கண்ணாடியால் நாக்கை ஒதுக்கி அடியில் பார்த்தார். கண்ணாடி பல்லில் தட்டும் சத்தம் கேட்டது. செயலாளர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

தம்பி மெதுவாக வலது கையைத் தூக்கினான்.

இவர் சட்டென்று கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டார். "வலிக்குதா மாப்ள?"

அவன் கையை இறக்கிக்கொண்டான்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கையில் ஏதாவது வேண்டும், வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அது தெரியும். மேசையில் முதலில் அகப்பட்டது தம்பியின் தாடைதான். அந்த ஆல்பத்தின்மேல் விட்டெறிந்து, தாடையும் ஆல்பமும் சுக்குநூறாகட்டும் என்றுதான் தூக்கினேன். தூக்கிய கையில் அடிப்பக்கம் ஏதோ பிசுபிசுத்தது. பிளாஸ்டர் வழவழவென்று இருக்கும், இது காகிதம். லேசாகச் சாய்த்துப் பார்த்தேன்.

காலையில் சொட்டிய ஒட்டு மெழுகு தாடையின் அடியில் ஒரு திட்டாக இருந்தது. ஃபேன் இல்லாத புழுக்கத்தில் இளகிக் கிடந்திருக்கிறது. அதில் அரண்மனையும் கொடியுமாக அந்த நோட்டு அப்பிக்கொண்டிருந்தது. பறக்காமல் இருக்க என்று இவர் பொத்தென்று வைத்தாரே, அப்போது பிடித்தது. தாடையைத் தூக்கித் தூக்கிக் கீழே பார்த்தவர்கள் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

தாடையை நேராக்கிக்கொண்டேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"ஏங்க" என்றேன். "நோட்டு கிடைக்கிறது, கிடைக்காதது அப்புறம். என் தம்பி எடுக்கலைன்னு நீங்க சொல்லுங்க. உங்க வாயால. இப்ப."

"இப்ப எதுக்கு அதெல்லாம்…"

"இப்பதான் வேணும். பாக்கெட்டைப் பாத்தாச்சு, சட்டையைப் பாத்தாச்சு, நாக்குக்கு அடியிலயும் பாத்தாச்சு. சொல்றதுக்கு என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அப்புறம் செயலாளரைப் பார்த்தார், அவரிடம் உத்தரவு கேட்பதுபோல. செயலாளர் கழுத்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று உள்ளே அடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை, நான் இந்த வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்ததற்கு. ஆல்பத்துக்காக வேர்த்ததற்கு, மிஷினை நிறுத்தியதற்கு.

"முதல்ல நோட்டு கிடைக்கட்டும்மா" என்றார் இவர். "கிடைச்சதும் பேசிக்கலாம்."

தாடையைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"கிடைச்சிடுச்சு. பேசுங்க."

செயலாளர் பாய்ந்து வந்தார். "ஐயோ, மெழுகு ஏறிடுச்சே!" என்பதுதான் அந்தப் பெரிய மனிதர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. ட்வீசரை வைத்துக்கொண்டு ஓரத்தை நெம்பத் தொடங்கினார். தம்பி நாற்காலியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினான்.

இவர் அவன் பக்கம் போனார். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குத் தெரியும் மாப்ள. நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

"இப்பத் தெரியும் மாமா" என்றான் தம்பி.

குரல் உயரவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். "இன்னும் கொஞ்சம்தான் மாப்ள, பல்லு முடிஞ்சிடும், நாளைக்கு வேலைக்கு…" என்று இவர் வாசல்வரை பின்னாலேயே போனார். தம்பி செருப்பைப் போட்டான், நடந்தான்.

நான் தாடையைச் செயலாளர் கையிலிருந்து பிடுங்கினேன். நோட்டு அதற்குள் ட்வீசருக்கு வந்துவிட்டது, இனி அந்த ஆளுக்கு இது எதற்கு? மெழுகில் நின்ற இரண்டு பல்லோடு அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு தெருவில் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்துவிட்டேன். அவன் கம்பத்தில் சாய்ந்து நின்றான். எனக்கு மூச்சு வாங்கியது.

"இந்தா. ஊர்ல பல்லு கட்டுறவன் இவரு ஒருத்தர்தானா? எவன்கிட்டயாவது கொடுத்து முடிச்சுக்கோ. காசு நான் தர்றேன்."

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது. வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா, அந்த மனுஷனை எப்படிக் கேட்டேன்னு? நோட்டு என் கையில இருக்கு, அது தெரியாம முழிச்சாரு பாரு ஒரு முழி. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு."

தம்பி என்னைப் பார்த்தான். எப்போதும் வாய்க்குப் போகிற கைக்குட்டை இப்போது போகவில்லை.

"நீ அதைத் தூக்கினதும் உன் மூஞ்சி மாறுச்சுக்கா" என்றான். "நான் உன்னையேதான் பாத்துட்டிருந்தேன். கிடைச்சிடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. நீ காட்டுவேன்னு நின்னேன்."

"நான் எதுக்குன்னா… அவரு வாயாலயே…"

"தெரியும்க்கா. நீ அவரைக் கேட்டுட்டிருந்த. நான் அங்க சட்டை இல்லாம நின்னுட்டிருந்தேன்."

பஸ் வந்தது. அவன் ஏறிக்கொண்டான். என்றைக்கு வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.